பழைய காருக்கு மூச்சு வாங்கும் மலை! - பைக்ஸ் பீக் பயணம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது பைக்ஸ் பீக். கடல் மட்டத்திலிருந்து 14,115 அடி உயரம். இந்த மலை உச்சிக்குப் போகிறவர்கள் தவறாமல் வாங்கிச் சாப்பிடுவது டோனட். ஊருக்குள் போடும் அதே பக்குவத்தில் மாவு பிசைந்தால் அந்த உயரத்தில் டோனட் சரியாக வராது. அதனால் உச்சிக்கென்றே தனிப் பக்குவம் வைத்திருக்கிறார்கள். அதைப் பொட்டலம் கட்டி கீழே கொண்டுவந்தால், வழியிலேயே அமுங்கிப் போய்விடும் என்பார்கள்.

காரணம், காற்று. உச்சியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவிகிதம்தான். அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வடித்தால் அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும். நாலு படி ஏறினால் மனிதர்களுக்கு மூச்சு வாங்கும்.

கார்களுக்கும் மூச்சு வாங்கும். அதிலும் கார்புரேட்டர் வைத்த பழைய கார்களுக்கு ரொம்பவே வாங்கும்!

மேகத்துக்கு மேலே ஒரு சாலை

யூட் பழங்குடியினர் இந்த மலையை 'தாவா' என்று அழைத்தார்கள். சூரியனின் மலை என்று பொருள். 1806-ல் இந்தப் பக்கம் வந்த ஸெபுலான் பைக் என்ற ராணுவ அதிகாரி உச்சியைத் தொட முயன்று முடியாமல் திரும்பினார். ஏற முடியாமல் போனவரின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது!

1891-லேயே பல்சக்கர ரயில் உச்சிக்குப் போய்விட்டது. 1893-ல் இங்கே வந்த கேத்தரின் லீ பேட்ஸ் என்ற ஆசிரியைக்கு, உச்சியிலிருந்து பார்த்த காட்சிதான் 'அமெரிக்கா த பியூட்டிஃபுல்' பாடலை எழுதத் தூண்டுதலாக இருந்தது. 1901-ல் முதன்முதலாக ஒரு கார் மேலே போனது. அது நீராவிக் கார். பெட்ரோல் கார்களுக்கான சாலையை ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற தொழிலதிபர் போட்டுக் கொடுத்தார். 1915-ல் அது திறக்கப்பட்டது.

மலைக்கு அருகில் இருக்கும் ஊர் கொலராடோ ஸ்பிரிங்ஸ். அதுவே சுமார் 6,000 அடி உயரம். நம் குன்னூர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைச் சாலை தொடங்கும் கேஸ்கேட் என்ற சிற்றூர், ஏறத்தாழ ஊட்டியின் உயரம். ஊட்டி உயரத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து இன்னும் ஒரு ஊட்டி அளவுக்கு ஏறுகிற பாதை இது. நீளம் 19 மைல், அதாவது சுமார் 31 கிலோமீட்டர். சாலையை நிர்வகிப்பது கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகராட்சி. கட்டணம் உண்டு. கோடையில் எத்தனை மணிக்கு ஏறப் போகிறோம் என்று முன்பதிவும் செய்ய வேண்டும்.

முதல் சில மைல்கள் பைன் மரக் காடு. நடுவில் ஓர் ஏரி. 'பிக்ஃபுட் கடக்கும் இடம்' என்று ஒரு மஞ்சள் பலகை நிற்கும். கதைகளில் வரும் ராட்சத மனிதக் குரங்குக்கான எச்சரிக்கைப் பலகை அது! குழந்தைகள் அங்கே இறங்கி போட்டோ எடுக்காமல் விடமாட்டார்கள். சுமார் 11,400 அடியில் கிளென் கோவ். அதைத் தாண்டியதும் மரங்கள் நின்றுவிடும். வெறும் பாறை, புல், பனித் திட்டுகள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் ஆகாயம். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது.

இந்த வளைவுகளில் புதுக் கார்கள் சத்தமில்லாமல் ஏறிப் போகும். அவற்றுக்கு இடையில் 1960-களின், 70-களின் அமெரிக்கக் கார் ஒன்று வந்தால் காது கண்டுபிடித்துவிடும். இன்ஜின் திக்கும். சைலன்சரில் கரும்புகை வரும். பின்னால் வருகிறவருக்கு பெட்ரோல் வாடை அடிக்கும். ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, கார் இன்னும் சோர்ந்து போகும்.

கார்புரேட்டருக்குத் தெரியாத கணக்கு

பெட்ரோல் எரிய காற்று வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. இந்தக் கலவையைச் செய்து கொடுப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. ஒரு குறுகலான குழாய் வழியே காற்று வேகமாகப் பாயும்போது, பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியாக பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தத் துளை உள்ள பித்தளைத் திருகுக்கு 'ஜெட்' என்று பெயர். மின்சாரமும் வேண்டாம், கணினியும் வேண்டாம். அற்புதமான எளிமை!

சிக்கல் என்னவென்றால், ஜெட்டின் துளை ஒரே அளவுதான். எவ்வளவு காற்று பாய்கிறது என்பது கார்புரேட்டருக்குத் தெரியும். அந்தக் காற்றில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது தெரியாது. மலை ஏற ஏற காற்று மெலிகிறது. பெட்ரோலோ அதே விகிதத்தில் குறைவதில்லை. கடற்கரைக்கு ஏற்றபடி ட்யூன் செய்த கார்புரேட்டர், பைக்ஸ் பீக் உச்சியில் தேவைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். எரியாத பெட்ரோல் புகையாகிறது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிகிறது. இன்ஜின் திக்குகிறது.

இதற்கு மருந்து உண்டு. சிறிய துளை உள்ள ஜெட்டை மாற்றினால் போதும். கொலராடோவின் பழைய மெக்கானிக்குகள் தங்கள் ஊர் உயரத்துக்கு ஏற்ற ஜெட் எது என்பதைக் கைவசம் வைத்திருப்பார்கள். ஆனால், அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிழக்கே கான்சாஸ் சமவெளிக்கு இறங்கினால் கதை தலைகீழ். அங்கே காற்று கெட்டி; பெட்ரோல் போதாது. இன்ஜின் சூடாகும், 'டக் டக்' என்று தட்டும். கார்புரேட்டர் காருக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. அந்த ஊரைத் தாண்டி ஏறினாலும் கஷ்டம், இறங்கினாலும் கஷ்டம்.

உயரத்தில் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும் என்பது இன்னொரு தொல்லை. பழைய கார்களில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். பின்னால் உள்ள டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கும். வெயில் நாளில், சூடான இன்ஜின் பக்கத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும். கார் நடுவழியில் நின்றுவிடும். இன்ஜின் ஆறும் வரை பானட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

நகரத்தின் மேல் பழுப்பு மேகம்

இது கார் வைத்திருப்பவரின் சொந்தத் தொல்லையோடு முடிந்துவிடவில்லை. கொலராடோவின் தலைநகரம் டென்வர். உயரம் 5,280 அடி, சரியாக ஒரு மைல். 'மைல் உயர நகரம்' என்றே அதற்குப் பட்டப்பெயர். 1970, 80-களில் குளிர்காலம் வந்தால் அந்த நகரத்தின் மேல் பழுப்பு நிறப் புகை மேகம் ஒன்று படுத்துக்கொள்ளும். கூடவே, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேர்ந்துகொண்டது. மெல்லிய காற்றில் பெட்ரோலை அரைகுறையாக எரித்த லட்சக்கணக்கான கார்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இதய நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் காற்று ஆபத்தானது.

1988-ல் அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக, குளிர்காலத்தில் ஆக்சிஜன் கலந்த பெட்ரோலைத்தான் விற்க வேண்டும் என்று கொலராடோ சட்டம் கொண்டுவந்தது. எரிபொருளிலேயே கொஞ்சம் ஆக்சிஜனைச் சேர்த்து அனுப்புகிற உபாயம் அது. அதே காலகட்டத்தில் புதுக் கார்கள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிக்கொண்டிருந்தன. 1990-களின் தொடக்கத்தோடு அமெரிக்காவின் புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் விடைபெற்றது. டென்வரின் கார்பன் மோனாக்சைடு பிரச்னையும் படிப்படியாகக் குறைந்தது.

உயரத்தின் அடையாளம் ஒன்று இன்றும் கொலராடோ பெட்ரோல் பங்க்குகளில் மிச்சமிருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண பெட்ரோல் என்றால் ஆக்டேன் எண் 87. இங்கே 85. மெல்லிய காற்றில் இன்ஜினுக்குள் அழுத்தம் குறைவு என்பதால், கார்புரேட்டர் கார்களுக்கு 85 போதுமானதாக இருந்தது. இப்போதைய கார்களின் கையேடுகள் பெரும்பாலும் 87 கேட்கின்றன. வாடகைக் கார் எடுக்கும் பயணிகள் விலை குறைவு என்று 85-ஐ அழுத்துவதற்கு முன், பெட்ரோல் மூடியின் உட்புறம் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

சனிக்கிழமை காலை, கராஜுக்குள்...

பழைய கார்கள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. அப்பா வாங்கிய ஷெவ்ரலே பிக்கப், தாத்தாவின் ஃபோர்டு மஸ்டாங் என்று குடும்பச் சொத்தாகப் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை மலைக்குத் தகுந்தபடி மாற்ற இன்று சுலபமான வழி வந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில், அதே போல்ட்டுகளில் பொருந்துகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் செட் கடைகளில் கிடைக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கார்புரேட்டருக்குப் பெயர்பெற்ற ஹோலி நிறுவனமே இந்த செட்டுகளையும் விற்கிறது! விலை ஆயிரம் டாலருக்கு மேல். பம்ப், குழாய் எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும்.

பார்ப்பதற்கு அதுவும் கார்புரேட்டர் போலவே இருக்கும். உள்ளே விஷயம் வேறு. இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கும். இன்ஜின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று இன்னொன்று சொல்லும். புகைக் குழாயில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார், எரிந்தது போக மிச்சம் என்ன என்று முகர்ந்து பார்க்கும். சிறு கணினி ஒன்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது என்பதை ஒரு விநாடிக்குப் பல முறை முடிவு செய்யும். மலை ஏறினால் பெட்ரோல் குறையும், இறங்கினால் கூடும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம்.

'இரண்டு நாளில் முடிக்கலாம்' என்று விளம்பரம் சொல்லும். கார்புரேட்டரைக் கழற்றி புதியதைப் பொருத்துவது அரை நாள் வேலைதான். மீதி வேலைதான் வேலை!

முதலில் பெட்ரோல் குழாய். கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இந்த செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு சுமார் 58 பி.எஸ்.ஐ. தேவை. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழைய ரப்பர் குழாயை அப்படியே விட்டால் வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும். கார் தீப்பிடிக்க அதுவே போதும். எனவே, இன்ஜெக்‌ஷனுக்கென்று தயாரித்த குழாயும் கிளிப்பும் டேங்க் முதல் இன்ஜின் வரை புதிதாகப் போட வேண்டும். பம்ப்பை டேங்குக்குள்ளேயே வைப்பது சிறந்தது. பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் சூடாகாது, பின்னாலிருந்து தள்ளுவதால் நடுவழியில் ஆவியாகி நிற்கும் தொல்லையும் தீரும்.

அடுத்தது மின்சாரம். கணினிக்கு நிலையான வோல்ட்டேஜ் வேண்டும். 50 வயதான ஒயரிங், தளர்ந்த எர்த் கனெக்‌ஷன், பலவீனமான பேட்டரி எல்லாம் சரியாக வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்காகப் புகைக் குழாயில் துளையிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். அந்தக் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். சென்சார் அதை நம்பி, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும்.

எல்லாம் சரியாக முடிந்தால், அதன் பலன் ஒரு குளிர்காலக் காலையில் தெரியும். கொலராடோ ஸ்பிரிங்ஸில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். சோக்கை எவ்வளவு இழுப்பது, ஆக்ஸிலேட்டரை எத்தனை முறை மிதிப்பது, எப்போது சாவியைத் திருப்புவது என்பதெல்லாம் கார்புரேட்டர் காரில் ஒரு கைப்பழக்கம். வீட்டில் ஒருவருக்குத்தான் அது வசப்படும். அவருக்கு வயதாகிவிட்டால் கார் கராஜிலேயே நின்றுவிடும். இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றிய காரைப் பேத்தியும் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாம். பலர் மாற்றத் துணிவது இதற்காகத்தான்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது நம் ஊர் பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை இதே மாற்றத்தைச் சந்தித்தன. வண்டியில் 'எஃப்.ஐ.' என்று எழுதியிருக்கிறதே, அது இதுதான். காலையில் சோக் இழுத்து உதைத்த தலைமுறைக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மாற்ற மறுப்பவர்களின் நியாயம்

எல்லோரும் இந்த மாற்றத்தை விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கார்புரேட்டர் மக்கர் செய்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்து, எப்படியாவது வீடு வந்து சேரலாம். கணினியோ பெட்ரோல் பம்ப்போ போய்விட்டால் இழுவை வண்டிதான். எந்த மாற்றமும் செய்யாத அசல் கார்களுக்கு சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பும் உண்டு.

வரலாறும் அவர்கள் பக்கம் ஒரு சாட்சி சொல்லும். 1958-ல் கிரைஸ்லர் நிறுவனம் சில கார்களில் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைப் பொருத்தி விற்றது. அன்றைய எலெக்ட்ரானிக் பாகங்கள் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. அந்தக் கார்களில் பெரும்பாலானவற்றை வரவழைத்து, இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள்! 1967-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் காலூன்றியது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜெக்‌ஷன் மாட்டினால் இழந்த காற்று திரும்பி வராது. கடற்கரையில் 200 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின், பைக்ஸ் பீக் உச்சியில் ஏறத்தாழ 120-தான் கொடுக்கும். இருக்கிற காற்றை வீணாக்காமல் எரிப்பது மட்டுமே இன்ஜெக்‌ஷனின் சாமர்த்தியம். காற்றை அமுக்கி உள்ளே தள்ள டர்போ போன்ற கருவி வேண்டும்.

இந்த மலையில் 1916 முதல் நடக்கும் கார் பந்தயம் இதற்கு நல்ல சாட்சி. 12.42 மைல், 156 வளைவுகள். முதல் ஆண்டில் வென்றவருக்கு 20 நிமிடங்களுக்கு மேல் ஆனது. 2018-ல் ரோமன் டுமாஸ் 7 நிமிடம் 57 விநாடிகளில் உச்சியைத் தொட்டு சாதனை படைத்தார். அவர் ஓட்டியது ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார். அதற்குப் பெட்ரோலும் வேண்டாம், அதை எரிக்கக் காற்றும் வேண்டாம்!

அப்படியானால் பழைய கார் வைத்திருப்பவர் என்ன செய்வது? காட்சிக்கு வைக்கும் கார் என்றால் அசலாகவே விட்டுவிடலாம். குடும்பத்தோடு மலை, சமவெளி என்று ஓட்டப் போகிற கார் என்றால் மாற்றலாம். கழற்றிய கார்புரேட்டரைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு பத்திரப்படுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம். எப்போது வேண்டுமானாலும் பழையபடி திரும்பலாம். நம் ஊரில் பழைய காரில் இப்படிக் கைவைக்க நினைப்பவர்கள், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இறங்கும்போது காத்திருக்கும் ஊழியர்

மாற்றிய கார் உற்சாகமாக உச்சிக்குப் போய்விடும். டோனட் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, குளிரில் நடுங்கிவிட்டு எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். மலையின் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இறங்கும் வழியில் கிளென் கோவில் சாலை ஊழியர் ஒருவர் கையில் சிறு கருவியோடு ஒவ்வொரு காரையும் நிறுத்துவார். சக்கரத்தை நோக்கிக் கருவியைக் காட்டி பிரேக்கின் சூட்டை அளப்பார். அளவுக்கு மேல் கொதித்திருந்தால் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிடுவார். பிரேக் ஆறிய பிறகுதான் பயணம். புதுக் கார், பழைய கார், கார்புரேட்டர், இன்ஜெக்‌ஷன் என்ற பேதமே அங்கே கிடையாது.

பழைய கார்களில் பலவற்றுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அது சூடேறினால் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். லோ கியரில், இன்ஜினின் இழுப்பிலேயே மெதுவாக இறங்க வேண்டும். அதனால்தான், மலைக்காகப் பழைய காரில் செலவு செய்ய நினைப்பவர்களுக்கு விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் ஒரு வரிசை சொல்வார்கள்: முதல் பணம் பிரேக்குக்கு, அடுத்தது டயருக்கு, மிச்சம் இருந்தால் இன்ஜெக்‌ஷனுக்கு. மலை ஏறாமல் நின்றுபோன காரை மறுநாள் கூட ஏற்றலாம். இறங்கும்போது நிற்காத காருக்கு அந்த வாய்ப்பு கிடையாது.